கொயினாவும் சொல்லாத பெயரும்

என் தம்பி மாயாண்டி ஜோகூர் சீமையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறான். அவனிடமிருந்து கடுதாசி வந்தது. அவன் பெண்சாதி வீராயிக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதாம். மூன்றாவது தங்கி நாலு மாதமாம். குளிர்காய்ச்சல் விட்டபாடில்லையாம். ‘அக்கா, நீ வந்து இவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால்தான் இந்தப் பிள்ளையாவது நிலைக்கும்.’ எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கவில்லை. டிரங்குப் பெட்டியை இறக்கினேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போன பிறகு மாயாண்டியை நானும் அவுகளும்தான் வளர்த்தோம். அவுக என்றால் என் வீட்டுக்காரர். காலமாகிப் பல வருஷமாகிறது. பேர் சொல்ல மாட்டேன். தாலி ஏறிய நாளிலிருந்து இந்த வாயால் சொன்னதில்லை. தலை நரைத்த பிறகு தனியாகக் கடல் தாண்டுகிறாயே, பயமாக இல்லையா என்று ஊரில் கேட்டார்கள். பயந்தால் கப்பல் நின்றுவிடுமா என்று கேட்டேன்.

கப்பலைப் பற்றிப் பெரிசாக எழுத ஒன்றும் இல்லை. சோறு, பருப்பு, ஒரு துண்டு கருவாடு, எங்கே பார்த்தாலும் வாந்தி. நான் வாந்தி எடுக்கவில்லை. சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்களை ஒரு தீவில் இறக்கினார்கள். மலாய் நாட்டுக்குள் நோய் போகக் கூடாது என்று அங்கே வைத்துப் பார்த்துத்தான் விடுவார்களாம். மருந்து வாசம் அடிக்கிற தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். கட்டியிருந்ததை எல்லாம் வாங்கி இரும்புப் பெட்டிக்குள் போட்டு ஆவியில் அவித்தார்கள். இட்டிலிதான் அவிப்பார்கள் என்று நினைத்திருந்தேன், இங்கே சேலையை அவிக்கிறார்கள். என் சுங்கடி ஒரு சாண் சுருங்கி வந்தது. முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கிறதே, இன்னும் எதற்கு அம்மைப்பால் என்று சண்டை போட்டேன். விடவில்லை. கீறிவிட்டார்கள்.

அப்போது கோபம். அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். அத்தனை பேர் ஒரு கப்பலில் நெருக்கியடித்து வந்திருக்கிறோம். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருத்தனுக்கு வாந்திபேதி வந்து தெருவே காலியானது எனக்குத் தெரியும். அங்கே யார் வந்து யாரை நிறுத்தினார்கள்? இவர்கள் நிறுத்துகிறார்கள். சேலை சுருங்கினால் சுருங்கட்டும்.

போகும்போது குமாஸ்தா ஒருவர் பெயர்ப்பதிவு எடுத்தார். என் பெயர் அங்கம்மாள் என்றேன். “புருஷன் பேர்?” என்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னம்மா, காது கேக்கலையா?”

“காது நல்லாக் கேக்குது. உங்க அம்மாகிட்டப் போய் இப்படிக் கேட்டுப் பாருங்க, சொல்றாளான்னு.”

“எங்கம்மாவா கப்பல்ல வந்திருக்காங்க? பின்னால ஆள் நிக்குது, சொல்லுங்கம்மா.”

மணலில் கிடந்த சிப்பியைக் காட்டினேன். அப்புறம் அவருடைய கறுப்புக் குடையைக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற தேவகோட்டைப் பக்கத்துப் பெண் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். குமாஸ்தா சிரித்துக்கொண்டே எழுதினார். நானும் மரியாதை கெடாமல் நகர்ந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்குக் கடலைத் தாண்டி ரயில் போகிறது. படகில் இல்லை, பாலத்திலும் இல்லை. நடுக்கடலில் கல்லைக் கொட்டி ரோடு போட்டு, அதன் மேல் தண்டவாளம். இரண்டு பக்கமும் தண்ணீர். மனிதன் செய்த வேலையா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷனில் மாயாண்டி நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். “அழுதுக்கிட்டு நிக்கிறதுக்கா என்னைக் கூப்பிட்டே? பசிக்குது” என்றேன். ஒரு ராவுத்தர் கடைக்குக் கூட்டிப் போனான்.

“வாங்க ஆத்தா, எந்த ஊரு?” என்றார் கடைக்காரர்.

“சிவகங்கைப் பக்கம்.”

“அட, நான் தேவிபட்டினம். அப்ப நம்ம சீமைதான். எலே, ஆத்தாவுக்கு ரொட்டி போடு, மீன் ஆணத்தை நல்லா ஊத்து!”

ஆணம் என்றால் குழம்புதான். ரொட்டியை வீசி வீசி மெல்லிசாக ஆக்கிச் சுட்டுத் தந்தார்கள். சவுக்கம் துணி மாதிரி அவ்வளவு மெத்து. தேத்தண்ணீரில் டின்னுப்பால் விட்டிருந்தது, வாய் ஒட்டிக்கொள்கிற தித்திப்பு. வழிக்கு என்று காலிப் பால் டின்னில் இன்னும் கொஞ்சம் ஊற்றி, கயிறு கட்டிக் கையில் கொடுத்தார். தூக்குவாளியை விட அது நல்ல ஏற்பாடு. ஊருக்குக் கொண்டுவந்து இன்னும் வைத்திருக்கிறேன்.

தோட்டத்துப் பக்கம் தெப்ராவ் போகிற பஸ் சிவப்புச் சேற்றில் சக்கரம் முங்க நின்றுவிட்டது. “அலமாக்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் மலாய்க்காரர் டிரைவர். எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளினார்கள். ஒரு சீனர் தம் கூடையிலிருந்து அன்னாசியைச் சீவி, உப்புத் தொட்டு எல்லோருக்கும் ஆளுக்கொரு கீற்று நீட்டினார். அந்தப் பழம் எனக்குப் புதிசு. தொண்டை அரித்தாலும் விட மனசில்லை. சேற்றில் நான் வழுக்கப்போனபோது ஒரு மலாய்க் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னாள். “மெதுவா, மெதுவாங்கிறாங்கக்கா” என்றான் தம்பி. நாலு ஜாதி மனிதர் சேர்ந்து தள்ளி ஒரு பஸ் கிளம்பிற்று.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். ஆட்கள் குடியிருக்கிற வீட்டு வரிசையை லயம் என்கிறார்கள். லயத்தைச் சுற்றிச் சாக்கடை சிமெண்டால் கட்டி, தண்ணீர் தேங்காமல் ஓடுகிறது. ஓடாத இடத்தில் எண்ணெய் மினுங்குகிறது. அந்த எண்ணெய் தெளிக்கிறதுதான் மாயாண்டிக்கு வேலை. டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு குட்டை குட்டையாகப் போய் அடித்துவிட்டு வருவான். கொசு அதில் முட்டை விடாதாம், கொசுவால்தான் குளிர்காய்ச்சலாம்.

“உன் வீட்டுக்காரிக்கே காய்ச்சல் நிக்கலையேடா” என்றேன்.

“முன்ன நாங்க எட்டுப் பேர் தெளிச்சோம். ரப்பர் விலை விழுந்துபோச்சுன்னு ஆளைக் குறைச்சிட்டாங்கக்கா. இப்ப ரெண்டு பேரு. காடு முழுக்க எங்க போறது?”

வீராயி கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, இவள் பல் கிட்டுகிறது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். “வாங்க மதினி” என்று சொல்வதற்குள் மூச்சு வாங்கிற்று. வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டேன். இந்த முறை இது கையில் வர வேண்டும் என்று என் குலசாமியிடம் அப்போதே முறையிட்டேன்.

மறுநாள் விடியக்காலை பிரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகும்முன் எல்லோரும் மைதானத்தில் கூடிப் பேர் கொடுக்கிறதைத்தான் பிரட்டு என்கிறார்கள். அங்கே ஆஸ்பத்திரி டிரசர் பெரிய எனாமல் கேனோடு நின்றார். டிரசர் என்றால் முக்கால் டாக்டர். யாழ்ப்பாணத்து மனிதர், வெளுத்த சட்டை, கண்ணாடி. லயத்தில் படுத்து எழுந்தவர்கள் எல்லோரும், விருந்தாளியானாலும், வரிசையில் வந்து குளிர்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாத் தண்ணி ஒரு குவளை குடிக்க வேண்டும். குடித்ததும் சத்தமாகப் பேர் சொல்ல வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு பேர் சொல்ல முடியாதல்லவா? சொன்னதும் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர், புஸ்தகத்தில் ஒரு கோடு போடுவார். யார் கண்டுபிடித்த யோசனையோ, புத்திசாலி.

“மாயாண்டி!” என்றான் என் தம்பி. அடுத்து வீராயி குடித்தாள். “மாயாண்டி பெண்சாதி!” என்று அதையும் அவனே சொன்னான். பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். புஸ்தகத்தில் அவர்கள் பேர் இல்லை, இன்னார் பெண்சாதி என்றுதான் இருக்கிறது. புருஷன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? பக்கத்தில் நிற்கிற புருஷன் சொல்லிவிடுவான். எனக்கும் அவுக பேரைப் போட்டுத்தான் எழுதியிருந்தார்கள். தம்பி சொன்னான். நான் குடித்தேன். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்த நாக்கு எனக்கு, முகம் சுளிக்கவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கொயினாவைத் தபாலாபீசில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். வேண்டுமானால் நடந்து போய் வாங்கிக்கொள். இங்கே மருந்து நம்மைத் தேடி வாய்க்கே வருகிறது. இதைத்தான் ராஜ்யம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பிரட்டு முடிந்ததும் தண்ணீர்க் குடத்தோடு லயத்துக்குப் பின்னால் போனேன். அங்கே வாழை அடர்ந்து நிற்கும். ஒருத்தி போனாள், வந்தாள். இன்னொருத்தி போனாள், வந்தாள். அப்புறம் வீராயி. இலையை விலக்கிப் பார்த்தேன். அவள் குனிந்து, வாயில் இருந்ததை மரத்தடியில் துப்பினாள்.

“என்னடி இது?”

“ஐயோ மதினி, கத்தாதீங்க.”

“தெனமும் இந்தக் கூத்துதானா?”

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அங்கேதான் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பதில் சொன்னாள்: “எல்லாரும்தான் ஆத்தா. குடிச்சா காதுக்குள்ள வண்டு கத்துது. கசப்பு பொழுது சாயிற மட்டும் நாக்கை விடமாட்டேங்குது. வாயைத் தொறந்தாத்தானே மாட்டிக்குவோம்? அதான் நம்ம ஆம்பளைக பேரைச் சொல்லிடறாகளே.”

“நீ எதுக்குடி துப்பறே?” என்றேன் வீராயியிடம்.

“அது சூடு மதினி. வயித்துல இருக்கிறதைக் கரைச்சிடுமாம். நான் துப்புறது அவுகளுக்குக்கூடத் தெரியாது.”

“மொதப் புள்ளைக்கும் துப்பினியா?”

“ஆமா.”

“ரெண்டாவதுக்கு?”

“ஆமா மதினி.”

“துப்பியும் ரெண்டும் தங்கலையேடி. அப்ப கரைச்சது எது?”

அவள் என்னையே பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெளிய சொல்லிடாதீங்க ஆத்தா. தோட்டத்துத் துரைக்குத் தெரிஞ்சா லயத்தை விட்டுக் கிளப்பிருவாரு” என்றாள். வாக்குக் கொடுக்காமல் நடந்தேன். இவளை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டால் யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்று எண்ணம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பலகை வீடு, தகரக் கூரை, இரும்புக் கட்டில், சலவைத் துணி. தரையில் ஈ இல்லை. ஒரு ஆயா நோயாளிக்குப் பாலும் ரொட்டியும் ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் வீட்டிலிருந்து கஞ்சி போனால்தான் உண்டு. ஆனால் பாதிக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

“இருங்கோ ஆச்சி” என்று டிரசர் நாற்காலி போட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

“வயித்துப் பிள்ளைக்காரி, அதிலயும் காய்ச்சல்காரி. கப்பல் டாக்குத்தர் ஏத்தவே மாட்டார். ஏத்தினாலும் கடல்ல என்ன ஆகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பிள்ளையைத் தின்னுறது காய்ச்சல்தான் ஆச்சி.”

“அப்ப உங்க கொயினா எதுக்கு?”

அவர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “அதைத்தான் அவையும் கேக்கினம். இது கொம்பனியின்ர சிங்கப்பூர் ஏஜெண்டு ஆபீசில இருந்து வந்தது. ஆம்பிளையளுக்குக் காய்ச்சல் குறைஞ்சிட்டுது, பொம்பிளையளுக்குக் குறையேல்லை. புத்தகத்தில எல்லாரும் குடிச்சதாக் கோடு இருக்கு. அப்ப மருந்தில பிரயோசனம் இல்லையோ, விலை விழுந்த நேரத்தில இதையும் நிப்பாட்டினால் என்ன எண்டு கேக்கினம். வியாழக்கிழமை பெரிய டாக்குத்தர் வந்து எழுதப் போறார்.”

“யாரு இதையெல்லாம் நிறுத்துறதும் கொடுக்கிறதும்?” என்றேன்.

“ஒரு ஆள் இல்லை. கொயினாவுக்கான மரப்பட்டை விளையுறது ஜாவாவில, டச்சுக்காரரிட்ட. வாங்குறது லண்டன் கொம்பனி. குடுக்கத்தான் வேணும், ஆஸ்பத்திரி வைக்கத்தான் வேணும் எண்டு கட்டளை போட்டது இஞ்சத்தைய சர்க்கார். எங்கட சனம் இப்பிடிச் செத்தால் இனி ஆள் அனுப்பமாட்டம் எண்டு நெருக்கினது இந்தியா சர்க்கார்.”

“என் தம்பி பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா நாலு ராஜ்யம் கூடிப் பேசுதா?”

“ஓம், கதைக்கினம்.” சிரித்தார். “ரப்பர்ப் பால் எடுக்க ஆள் வேணுமே. ஆனா ரப்பர் விலை விழுந்தால் கதை மாறும்.”

ஜாவாவில் பட்டை உரித்து, லண்டனில் உத்தரவாகி, கப்பலேறி, பஸ் சேற்றில் சிக்கி, இவ்வளவு தூரம் வந்த மருந்து எங்கள் பெண்களின் பல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுபோயிற்று. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் வீராயி பிள்ளைக்கு நானே எமன் என்று தோன்றியது. வாழைமர விஷயத்தைச் சொன்னேன். யாரையும் லயத்தை விட்டு விரட்டக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

டிரசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிழை என்ர. முதல்நாள் பொம்பிளையள் பேர் சொல்லாமல் நிண்டவை. என்ர மனுசியும் என்ர பேர் சொல்லமாட்டாள். வற்புறுத்துறது மரியாதை இல்லை எண்டு, புருசன்மார் சொல்லட்டும் எண்டு விட்டது நான்தான்.”

வியாழக்கிழமை வரப்போகிற வெள்ளைக்கார டாக்டராக இருந்தால் அதட்டிச் சொல்ல வைத்திருப்பார். நம் வழக்கம் தெரிந்த மனிதர் என்பதால்தான் அந்த ஓட்டை விழுந்தது. அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

“அவுகவுக சொந்தப் பேரை எழுதிட்டா என்ன?” என்றேன்.

கிராணியைக் கூப்பிட்டுக் கேட்டார். கிராணி புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். “கம்பெனி புஸ்தகம் சார். மாசாமாசம் சிங்கப்பூர் போகுது. ஒரு எழுத்து அடிக்கக் கூடாது. பெரிய டாக்டர் சொல்லட்டும்.” வியாழனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. வீராயிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் காய்ச்சல் வருகிறது. நாலு நாள் எனக்கு நாலு வருஷமாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீராயியிடம் பேசினேன். “நாளைக்கு முழுங்கு” என்றேன். “முழுங்கறேன் மதினி” என்றாள். “வாயால சொன்னா நம்ப மாட்டேன். குடிச்சிட்டுப் பேர் சொல்லு” என்றேன். “அவுக பேரையா?” என்று காதைப் பொத்திக்கொண்டாள். “நீங்க சொல்வீங்களா?” என்று திருப்பிக் கேட்டாள். கேள்வி நியாயம்தான்.

விடியக்காலை பிரட்டில் பெண்கள் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். தம்பி என் பக்கத்தில் வந்தான். “நீ தள்ளி நில்லு” என்றேன். குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். வாயைத் துடைத்தேன். கிராணி பேனாவோடு பார்க்கிறார். அத்தனை ஜனமும் பார்க்கிறது. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கசப்பினால் இல்லை. அவுக முகம் கண்ணுக்கு முன் வந்தது. உங்க மச்சினன் வம்சத்துக்காக, மன்னிச்சுக்குங்க என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவுக பேரைச் சொன்னேன். முனகவில்லை, மைதானம் கேட்கச் சொன்னேன்.

மாயாண்டி வாய் பிளந்து நின்றான்.

அப்புறம் வீராயி வந்தாள். பாதி குடித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். மிச்சத்தையும் குடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “மாயாண்டி பொண்சாதி!” என்று கத்தினாள். காக்கை பறந்தது. மைதானமே சிரித்தது.

“ஏய் மாயாண்டி, கூப்பிடுறாடா, போ!” என்று ஆண்கள் கேலி செய்தார்கள். அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

செல்லம்மா முறை வந்தபோது கிராணி, “என்ன செல்லம்மா, நீயா சொல்றியா, உன் வீட்டுக்காரர் சொல்லணுமா?” என்றார். “அவுக பேரை அவுக இல்லாதப்ப திட்டுறதுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இப்ப மருந்துக்குச் சொல்றதுல என்ன?” என்றவள், குடித்துவிட்டுப் பேரைச் சொன்னாள். அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு எல்லோரும் சொல்லவில்லை. பாதிப்பேர் சொன்னார்கள். மறுநாள் இன்னும் சிலர். வாழைமரப் பக்கம் நான் குடத்தோடு காவல் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பெரிய டாக்டர் காரில் வந்தார். வெயிலில் வெந்த முகம், முழங்கால் வரை பூட்ஸ். டிரசர் ஒளிக்கவில்லை. நான் விட்ட பிழை என்று நின்றபடி முழுக்கச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் துரை என்னமோ கேட்டார், டிரசர் தமிழில் சொன்னார்: “கொசுவைத் தேடி இவ்வளவு நாளும் சதுப்பெல்லாம் நடந்தன், காய்ச்சல் வாழைமரத்துக்குப் பின்னால இருந்திருக்கு எண்டு சொல்லுறார். நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்.”

“தண்ணி எடுக்கப் போனேன்னு சொல்லுங்க” என்றேன்.

துரை புஸ்தகத்தை வாங்கிப் புரட்டினார். இந்த அச்சில் பேர் என்றுதானே போட்டிருக்கிறது, புருஷன் பேர் என்று யார் கேட்டது என்றாராம். கிராணி மேலே பார்த்தார். லயத்து அறைகள் ஆண்கள் பேரில் இருப்பதால் அதைப் பார்த்தே எழுதிவிட்டாராம். அன்றே புதுப் புஸ்தகம் போட்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சொந்தப் பேர் சொன்னார்கள். நாலு பேச்சியம்மாள் இருந்ததால் கிராணி திணறினார். ஒருத்திக்குத் தன் பேரே உடனே நினைவு வரவில்லை, எல்லோரும் மகன் பேரைச் சேர்த்துக் ‘காளி அம்மா’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதாம். யோசித்து, “பூவாயி” என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். மருந்து நன்மையே, குடிக்காததுதான் குறை, நிறுத்த வேண்டாம் என்று துரை எழுதிக்கொண்டு போனார்.

வீராயிக்குக் காய்ச்சல் உடனே நிற்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துத்தான் கம்பளியை மடித்து வைத்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டிரசர் தனியாக அளந்து கொடுத்தார். அவள் தினமும் குடித்துவிட்டு “வீராயி!” என்பாள். மாதம் நிறைந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பேறு பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வீட்டிலேயே பார்ப்பேன் என்று முரண்டு பிடித்து, கடைசியில் வெந்நீரில் கை கழுவிக்கொண்டு அந்த ஆயாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆண் பிள்ளை. அழுத அழுகையில் சுருட்டி வைத்த மெத்தைகூட எழுந்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. கொயினாவை நிறுத்தவில்லை. ஆனால் பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை வந்ததை மாதம் இரண்டாக்கினார்கள். கட்டில் இன்னும் இரண்டு சுருட்டினார்கள். எங்கேயோ ஒரு ஊரில் ரப்பர் விலை ஏறி இறங்க, இங்கே மெத்தை விரிவதும் சுருட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. டிரசரிடம் சொன்னேன். “எனக்கும்தான் ஆச்சி” என்றார். இருக்கிற கட்டிலை அவர் துடைத்து வைத்திருக்கிற துடைப்பைப் பார்த்தால், குறை சொல்ல வாய் வராது.

பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள் வந்தது. தன்னை வளர்த்த மச்சான் பேரைத்தான் வைப்பேன் என்று மாயாண்டி நின்றான். “அந்தப் பேரை வெச்சா நான் எப்படிடா கூப்பிடுவேன்? ராசான்னுதான் கூப்பிடணும்” என்றேன். வீராயி பிள்ளையை என் மடியில் போட்டாள். “மைதானத்துல அத்தனை பேருக்கு முன்னால சொன்னீங்களே மதினி. இப்ப மட்டும் என்ன?” என்றாள்.

ஊருக்குக் கிளம்பியபோது தனியாகத்தான் கப்பலேறினேன். கூட்டிக்கொண்டு வரப் போனவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கிளம்புகிற அன்று காலைப் பிரட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டிரசர் புதுப் புஸ்தகத்தைத் திருப்பிக் காட்டினார். கடைசி வரியில் அவன் பேர் ஏறியிருந்தது, இன்னார் மகன் என்று இல்லை, அவன் பேரே.

போன வாரம் தம்பிக்குக் கடுதாசி போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ரப்பர் விலை என்ன, டிரசர் சுகமா, கட்டில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். கடைசியில், ‘முத்துக்கருப்பனுக்குக் கொயினா ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா? துப்ப விடாதீர்கள்’ என்று என் கையாலேயே, எழுத்துக் கூட்டி எழுதினேன்.